பறக்கக் கற்பிக்கும் ஆசிரியர்

போர் விமானியின் முதற் பயிற்சி போரைப் பற்றியதன்று. எழும்புதல், திரும்புதல், சமநிலை காத்தல், இறங்குதல் ஆகியவற்றைப் பற்றியது. கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரில் மலேசிய விமானப் படை இளைஞர் பழகும் பிலாட்டஸ் விமானத்தில் முன்னும் பின்னுமாக ஈர் இருக்கைகள் உண்டு, இயக்குகோல்களும் இரண்டு. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். ஆதலால், மாணவர் செய்யும் பிழையை ஆசிரியர் தம் கையாலேயே உணர்வார்.

முதல் உலகப் போரின்போது பயிற்சியிலேயே இளைஞர் பலர் மாண்டனர். கற்பிக்கும் முறை அறியாதார் கற்பித்தமை அதற்கு ஒரு காரணமாகும். 1917-இல் இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் ஸ்மித் பாரி என்பார் ஆசிரியர்க்கே பயிற்சி முறை வகுத்தார். ஆபத்தான நிலைகளைத் தவிர்க்கச் சொல்லாமல், அவற்றினின்று மீளும் வழியைக் கற்பிக்கச் செய்தார். விமானம் வேகங்குன்றிச் சுழன்று வீழுங்கால் செய்யத் தக்கதை மாணவர் வானிலேயே பழகினர். அந்நெறி பின்னர் பல நாடுகளிலும் பரவிற்று.

1948-இல் அம்பாலாவில் தோன்றிய இந்திய விமானப் படையின் பயிற்றுநர் பள்ளி, 1954 முதல் தாம்பரத்தில் இயங்கி வருகிறது. தேர்ந்த விமானிகளும் அங்கே மீண்டும் மாணவராகின்றனர். பறக்கத் தெரிதல் வேறு, கற்பிக்கத் தெரிதல் வேறு அன்றோ? பிழையை உடனே திருத்தினால் மாணவர் கல்லார். காலந்தாழ்த்தினால் இருவர் உயிரும் தங்காது. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கணத்தை அறிவதே ஆசிரியத் தொழில். மாணவர் முதன்முறை தனியே பறக்கும் நாளில் ஆசிரியர் தரையில் நிற்பார்; அவர் கற்பித்தது மட்டுமே உடன் செல்லும்.