ஆள் எடுப்பதைச் சொல்லலாம், வேலைநிறுத்தத்தைச் சொல்லக்கூடாது

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்ஸில் எந்த எஃப்எம் ஓடுவது என்பது பெரும்பாலும் டிரைவரின் விருப்பம். சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ஹலோ 106.4 எதுவானாலும் அது சென்னைக்கு உரிமம் பெற்ற நிலையம்தான். பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். கோபுரம் உயர உயர எட்டும் தூரமும் கூடும். சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீபெரும்புதூர் சமவெளிதான், பெரிய தடை இல்லை. தகரக் கூரை ஷெட்டுக்குள் நுழைந்தால்தான் இரைச்சல்.

2024 செப்டம்பர் 9 அன்று ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில், சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியது. அக்டோபர் 15 வரை நீடித்தது. அந்த வழியாகப் போன பஸ்களில் பாடிய எந்தத் தனியார் எஃப்எம்மும் அதைத் தன் செய்தியாகச் சொல்லியிருக்க முடியாது. காரணம், சட்டம்.

இந்தியாவில் தனியார் வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பக்கூடாது. மத்திய அரசின் 2011 எஃப்எம் கொள்கைப்படி ஆகாசவாணியின் செய்தியை ஒரு சொல்லும் மாற்றாமல் எடுத்துப் போடலாம். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, மின்தடை, வேலைவாய்ப்பு ஆகியவை செய்திக் கணக்கில் வராது. ஆக, ஒரகடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஆர்ஜே அறிவிக்கலாம். எடுத்த ஆட்கள் ஏன் வேலையை நிறுத்தினார்கள் என்று பேசினால் உரிமத்துக்கே ஆபத்து. சூரியனின் உடன்பிறப்பு சன் நியூஸ் அதை நாள் முழுக்கக் காட்டலாம். ஹலோவின் தாய்வீடான தினத்தந்தி முதல் பக்கத்தில் போடலாம். ஒரே வீட்டில் வானொலிக்கு மட்டும் வாய்ப்பூட்டு!

வானலை பொதுச்சொத்து என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதுகாப்பு, கண்காணிப்புச் சிரமம் என்பவை இந்தச் செய்தித் தடைக்கு மத்திய அரசு சொல்லிவந்த காரணங்கள். ஆயிரக்கணக்கான செய்தித்தாள்களையும் நூற்றுக்கணக்கான செய்தி சேனல்களையும் சமாளிக்கும் அரசு இதைச் சொல்வது நம்பும்படி இல்லை. 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தனியார் எஃப்எம்கள் மணிக்கு 10 நிமிடம் வரை செய்தி சொல்ல அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. செல்போன்களில் எஃப்எம் வசதி இருக்க வேண்டும் என்றும் கேட்டது. (ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் பூட்டி அனுப்பும் ஐபோனில் அந்த வசதி கிடையாது.)

அனுமதி வந்த மறுநாளே நிலையங்கள் சுங்குவார்சத்திரத்துக்கு நிருபரை அனுப்பிவிடும் என்று நம்ப வேண்டாம். நிருபருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். வருமானமோ 10 விநாடிக் கணக்கில் விற்கும் விளம்பரத்தில் இருக்கிறது. கார், பைக், செல்போன் விளம்பரம் தருகிறவர்கள் பலரின் ஆலைகள் இதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன.