இறங்குதுறையும் ஏறுதுறையும்

எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைக் காண நெடும்பிரயாணம் செய்தாக வேண்டிய பெங்களூர் நகரத்தில், நீச்சல் குளத்தின் அடியில் ஸ்கூபா உபகரணத்தோடு மூச்சுவிடக் கற்றுக்கொண்டு, விடுமுறை வந்ததும் சமுத்திரத்தை நாடிப் போகிற இளைஞர்கள் இன்று பலர். பவளப்பாறையும் வண்ணமீனும் எங்கே அதிகம் என்பதைத்தான் அவர்கள் முதலில் விசாரிக்கிறார்கள். நியாயமான ஆசையே. ஆயினும், படகை நம்பாமல் கரையிலிருந்தே நடந்துபோய் மூழ்க எண்ணுகிறவர் அதற்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இறங்கிய பிறகு எந்த வழியாகக் கரையேறுவது என்பதாகும்.

முதுகில் சிலிண்டரும் இடுப்பில் ஈயக்கட்டிகளுமாக இருபது கிலோவுக்குக் குறையாத பாரத்தைச் சுமந்து நடப்பவருக்கு முழங்காலளவு அலையும் பெரிய அலைதான். இறங்கும்போது சரீரத்தில் தெம்பு இருக்கிறது. ஏறும்போதோ களைப்பு மிகுந்து, சிலிண்டரில் காற்றும் குறைந்து, இடைப்பட்ட நேரத்தில் கடலும் குணம் மாறியிருக்கக் கூடும். ஆகையால் அனுபவஸ்தர்கள் உபகரணங்களை வண்டியிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு கரைக்குப் போய், அரைமணி நேரமாவது அலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பெரிய அலைகள் சில அடுத்தடுத்து வந்தபின் சற்றே ஓய்வு இருக்கும். அந்த ஓய்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அலை உடையும் இடத்தில் கிடப்பது மணலா கல்லா, வெண்ணுரை வரிசையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் கலங்கிய நீர் கடலை நோக்கி ஓடுகிறதா என்பவையெல்லாம் நின்று பார்ப்பவருக்குத் தெரியும். கடைசியாகச் சொன்னது அபாயக் குறி. இறங்குவதற்கு அனுகூலமான அமைதி என்று புதியவர் நம்பும் அவ்விடத்தில்தான் ஆளை உள்ளே இழுத்துச் செல்லும் நீரோட்டம் இருக்கிறது.

பெங்களூருக்கு அண்மையிலுள்ள கர்நாடகக் கரை கரைமூழ்கலுக்கு அவ்வளவாக வாய்த்ததன்று. காளி, கங்காவளி, அகநாசினி, சராவதி என்று மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து சேர்ப்பதால் கரையோர நீர் பெரும்பாலும் கலங்கலாகவே இருக்கிறது. தெளிந்த நீரை விரும்புவோர் முருடேசுவரத்தில் படகேறிச் சுமார் 19 கிலோமீட்டர் தள்ளியுள்ள நேத்ராணித் தீவுக்குப் போய், படகிலிருந்தே குதிக்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியையும் அடைத்துவிடுகிறது.

கரையிலிருந்து மூழ்கத் தக்க இடங்களை நம் நாட்டில் தீவுகளிலேதான் தேட வேண்டும். இலட்சத்தீவில் பவளத்திட்டு அரணாக நின்று அலையைத் தடுக்கிறது. ஆறுகள் இல்லாமையால் நீரும் தெளிவு. அங்கே செல்ல முன்கூட்டியே அனுமதி பெற்றாக வேண்டும். அந்தமானில், 2018-இல் ஷாஹீத் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட நீல் தீவின் சில கரைகளில், நீர் வற்றும் வேளையில் பவளமேடை வெளியே தெரியும். அந்நேரத்தில் இறங்குகிறவர், உயிருள்ள பவளத்தை மிதித்து நொறுக்காமல் ஆழத்தை அடைய முடியாது. 2010-லும் 2016-லும் கடல் வெப்பத்தால் வெளுத்துத் துன்புற்ற பவளங்களுக்கு நம் காலடியும் ஒரு தண்டனையாக வேண்டாம். நீர் ஏறியிருக்கும்போது மேடையை நீந்திக் கடந்து, வடியுமுன் திரும்பிவிடுவதே முறை. சதுப்பு நிலக்காடும் கழிமுகமும் அருகிலுள்ள கரை எவ்வளவு அழகானதாயினும் விலக்கத்தக்கது. 2010-இல் ஹேவ்லாக் தீவில் நீந்திக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் உவர்நீர் முதலைக்குப் பலியானார்.

கரைமூழ்கலைச் சாஸ்திரம் போலப் பயில்கிறவர்கள் பிரிட்டிஷார். பிரிஸ்டல் கால்வாயில் கடல் ஏறி இறங்கும் அளவு 14 மீட்டர் வரை போவதால், நீரோட்டம் ஓய்ந்து நிற்கும் சிறு இடைவேளையை அட்டவணை பார்த்துக் கணித்த பிறகே இறங்குவார்கள். தூத்துக்குடியில் அந்த வித்தியாசம் ஒரு மீட்டரும் இராது; இங்கே அட்டவணையைவிடக் காற்றே பிரதானம். இங்கிலாந்தில் மூழ்கப் பழகி இலங்கைக்கு வந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும், போர்ச்சுகீசியர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களைத் திருகோணமலைக் குன்றின் அடியில், கடலுக்குள் கண்டது 1956-இல். அந்தக் கிழக்குக் கரை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அடங்கியிருக்கும். தென்மேற்கிலுள்ள ஹிக்கடுவ அதே பருவத்தில் கொந்தளிக்கும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் நடந்ததும், வாடை ஓய்ந்து தென்மேற்குக் காற்று தொடங்காத அமைதியை நோக்கியே. கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பிரித்தறியும் மீனவரிடம், நீரோட்டம் எப்பக்கம், அறுந்த வலை எங்கே கிடக்கிறது என்று கேட்காமல் ஒரு துறையில் இறங்குவது அறிவீனம்.

உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தென்சமுத்திரத்தில் எழுந்த பேரலை கேரள, குமரிக் கரைகளில் திடீரென வந்து மோதும்; இதைக் கள்ளக்கடல் என்பர். குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் மாண்டது, 2024 மே மாதம் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த வேளையில்தான். ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் முன்னறிவிப்பை, வானம் எத்தனை நிர்மலமாக இருந்தாலும், பார்த்தே தீர வேண்டும்.

பெங்களூர்வாசிகளுக்கென்று தனியே சொல்ல வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால் இரத்தத்திலும் திசுக்களிலும் கரையும் நைட்ரஜன், கரையேறிய பின்னும் மணிக்கணக்காக மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கிறது. அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால் அது குமிழிகளாகி, மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை விளைவிக்கக் கூடும். ஒருமுறை மூழ்கினவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கினவர் 18 மணி நேரமும் விமானம் ஏறலாகாது என்ற விதி, 600 மீட்டர் உயரத்துக்கு ஒப்பான அழுத்தத்திலிருந்தே பொருந்துவது. பெங்களூரின் உயரமோ ஏறத்தாழ 900 மீட்டர். ஞாயிறு நண்பகலில் முருடேசுவரத்தில் கரையேறி, அன்றிரவே பஸ்ஸில் மலைப்பாதை ஏறுகிறவர் விமானப் பிரயாணிக்குரிய அபாயத்தையே மேற்கொள்கிறார். ஆகவே கடைசி மூழ்கலைச் சனிக்கிழமையோடு முடித்து, ஞாயிறைக் கோயிலுக்கும் கடற்கரைக்கும் வைத்துக்கொள்வது நல்லது. திங்கட்கிழமைக்கும் விடுப்புக் கிடைக்குமானால், ஞாயிறு காலையிலும் மூழ்கிவிட்டு மறுநாள் பகலில் புறப்படலாம்.