கணினி தொடங்காதபோது: நிலைபொருளும் அதன் பழுதும்



ஆளியைப் போட்டதும் கணினியின் மின்விசிறி சுழல்கிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் திரையில் ஓர் எழுத்துக்கூடத் தோன்றவில்லை. காரணம் யாது எனக் கேட்டால் பலர் "வன்தட்டு பழுது" என்றோ "வின்டோஸ் அழிந்துவிட்டது" என்றோ எழுதுவர். இவை பொருத்தமான விடைகள் அல்ல. வீட்டிலும் இதே தவறான எண்ணத்தால் நல்ல வன்தட்டை மாற்றி, அதிலுள்ள கோப்புகளையும் இழப்போர் உண்டு. சரியான காரணத்தை அறிய, கணினி தொடங்கும் ஒழுங்கை முதலில் விளங்கிக்கொள்வோம்.

1. நிலைபொருள் என்றால் என்ன?

மின் வழங்கியவுடன் தற்போக்குப் பெறுவழி நினைவகம் வெறுமையாகவே இருக்கும். அது அழிதகு நினைவகம். ஆகவே மத்திய முறைவழியாக்க அலகு தனது முதல் அறிவுறுத்தலைத் தாய்ப்பலகையிலுள்ள சிறு நுண்சில்லு ஒன்றிலிருந்து பெறுகிறது. அச்சில்லில் நிலையாகப் பதிக்கப்பட்ட மென்பொருளே நிலைபொருள். பயோஸ் எனப்படும் அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை இதற்கு உதாரணம். புதிய கணினிகளில் அதன் இடத்தில் யூஈஎப்ஐ உள்ளது.

தொடங்கும் ஒழுங்கு: மின்வலு → நிலைபொருள் → வன்பொருட் சோதனை → வன்தட்டு → பணிசெயல் முறைமை.

வன்தட்டு நான்காவதாகவே வருகிறது. எனவே அது பழுதானாலும் உற்பத்தியாளரின் சின்னமோ பிழைச் செய்தியோ பொதுவாகத் திரையில் தோன்றும். எதுவுமே தோன்றாவிடின், பழுது அதற்கு முந்திய படிகளில் உள்ளதெனக் கருதலாம்.

2. நிலைபொருள் பழுதடைவது எவ்வாறு?

1981 இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியில் பயோஸ், வாசிப்பு மாத்திர நினைவகத்தில் இருந்தது. அதை மாற்றி எழுத முடியாது. பின்னர் மீள எழுதக்கூடிய பிளாஷ் நினைவகம் பயன்பாட்டுக்கு வந்தது. இதனால் குறைகளைத் திருத்துவது இலகுவாயிற்று; பழுதாவதற்கும் வழி பிறந்தது.

(அ) இற்றைப்படுத்தும்போது மின் தடைப்படல். பழையது அழிந்து புதியது முழுமையாக எழுதப்படாத நிலையில் கணினி நின்றுவிடும். 2020 ஆகஸ்ட் 17 இலும் 2025 பெப்ரவரி 9 இலும் இலங்கை முழுவதும் திடீரென மின்சாரம் தடைப்பட்டது. ஐப்பசி, கார்த்திகையில் இடிமின்னலுடன் மழை பெய்யும்போது வன்னியில் மின்தடை ஏற்படுவதையும் நீங்கள் அறிவீர்கள். அத்தகைய வேளைகளில் இற்றைப்படுத்தலாகாது.

(ஆ) வேறு மாதிரிக் கணினிக்குரிய கோப்பை எழுதுதல்.

(இ) வைரசு. தாய்வானைச் சேர்ந்த மாணவர் சென் இங்-ஹவ் எழுதிய சிஐஎச் வைரசு, 1999 ஏப்ரல் 26 இல் பல நாடுகளில் கணினிகளைத் தாக்கியது. அது வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில தாய்ப்பலகைகளின் பயோசையும் அழித்தது. செர்னோபில் அணுஉலை விபத்து (1986) நிகழ்ந்த அதே திகதியாதலால் அதற்குச் செர்னோபில் வைரசு எனவும் பெயர் வந்தது.

3. பழுதை இனங்காணல்

எளியதும் செலவற்றதுமான சோதனையிலிருந்து தொடங்குக. கணினியைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்குக் கொண்டுசெல்லும் முன் வீட்டிலேயே செய்யக்கூடியவை இவை:

• திரையின் மின்வடமும் காட்சி வடமும் இறுக்கமாக உள்ளனவா எனப் பார்க்க. வேறு திரையையும் இணைத்துப் பார்க்கலாம்.
• "பீப்" ஒலியைக் கவனிக்க. அதன் பொருள் உற்பத்தியாளருக்கேற்ப வேறுபடும், கையேட்டைப் பார்க்க.
• மேசைக் கணினியாயின் மின்வடத்தைக் கழற்றிய பின் மூடியைத் திறந்து, நினைவகத் தகட்டை எடுத்துத் துடைத்து மீளப் பொருத்துக.
• தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ற்றுப் பற்றரியைக் கழற்றிச் சில நிமிடங்களின் பின் பொருத்துக. இதனால் மாற்றப்பட்ட அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும்.

இவற்றால் பயனில்லாமல், இற்றைப்படுத்தலின்போது நின்ற கணினியாகவும் இருந்தால், நிலைபொருட் பழுது எனப் பெரிதும் ஐயுறலாம்.

4. திருத்துதல்

சில தாய்ப்பலகைகளில் இரண்டாவது பயோஸ் சில்லு உண்டு. சிலவற்றில் பென்டிரைவிலிருந்து மீள எழுதும் பொத்தான் உண்டு. உற்பத்தியாளரின் தளத்திலிருந்து அதே மாதிரி இலக்கத்துக்குரிய கோப்பையே பெறவேண்டும். இவ்வசதிகள் இல்லையெனில் திருத்துநர் சில்லு எழுதும் கருவியால் நிலைபொருளை மீளப் பதிப்பார். புதிய கணினி வாங்க வேண்டியதில்லை.

வன்தட்டிலுள்ள கோப்புகள் இப்பழுதால் அழிவதில்லை. ஆகவே "போமற் செய்யட்டுமா?" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். வன்தட்டை வேறு கணினியில் இணைத்துக் கோப்புகளைப் பிரதி எடுக்கலாம். அது குறியாக்கம் செய்யப்பட்டிருப்பின் மீட்புச் சாவி தேவைப்படும்.

மாதிரி வினா

கணினியை ஒவ்வொரு முறை தொடக்கும்போதும் திகதியும் நேரமும் பிழையாகக் காட்டப்படுகின்றன. நிலைபொருள் பழுதாகியுள்ளதா? காரணம் தருக.

விடை: இல்லை. நிலைபொருள் இயங்குவதாலேயே கணினி தொடங்குகிறது. நேரத்தைப் பேணும் பற்றரி வலுவிழந்துள்ளது. பிளாஷ் நினைவகம் அழிதகா நினைவகமாதலால், பற்றரி தீர்ந்தாலும் நிலைபொருள் அழியாது.