மேடை மேல் ஒரு பீப்பாய்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் 'கஜா' புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னையும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல சிற்றூர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. நிலத்தடியில் நீர் இருந்தது. ஊர் நடுவே மேல்நிலைத் தொட்டியும் நின்றது. ஆனால் கீழே உள்ள நீரை மேலே ஏற்ற மோட்டார் ஓடவில்லை. எங்கிருந்தாவது ஒரு ஜெனரேட்டர் வந்தால்தான் தொட்டி நிறையும் என்ற நிலை.

புயல் வேண்டாம், உங்கள் வீட்டு மோட்டார் எரிந்து போனாலும், மாடித் தொட்டி வெடித்தாலும் இதே கதைதான். சரிசெய்ய ஒரு வாரம் ஆகலாம். அதுவரை ஒரு 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய், ஓர் உறுதியான மேடை, சிறிது குழாய் ஆகியவற்றைக் கொண்டு வீட்டில் தற்காலிகமாகக் குழாய்த் தண்ணீர் வரச் செய்யலாம். அதற்குத் தேவையான அறிவியல் முழுவதும் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதை எடுத்து வேலைக்கு விடுவோமா?

எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

பேரிடர் காலத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டராவது வேண்டும் என்பது உலக அளவில் நிவாரணப் பணியாளர்கள் பின்பற்றும் கணக்கு. நம் நாட்டில் கிராமப்புற வீடுகளுக்கு ஜல் ஜீவன் திட்டம் வகுத்துள்ள அளவு ஒருவருக்கு 55 லிட்டர். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு முதல் கணக்கின்படி 60 லிட்டர். இரண்டாவதன்படி 220 லிட்டர். ஆகவே 200 லிட்டர் பீப்பாய் சிக்கனமாக இருந்தால் மூன்று நாள் வரும். தாராளமாகச் செலவழித்தால் ஒரே நாளில் தீரும்.

தண்ணீரைத் தள்ளுவது யார்?

குழாயைத் திறந்ததும் நீர் பாய்கிறதே, அதைத் தள்ளுவது எது? நீரின் சொந்த எடைதான். நீர்மட்டம் குழாய் வாயைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரமே அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோகிராம் எடை அழுத்தம் தரும். ஒரு மீட்டர் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு.

தொட்டி பெரிதாக இருந்தால் நீர் வேகமாக வரும் என்று பலர் நினைப்பார்கள். அப்படி இல்லை. 200 லிட்டர் பீப்பாயும் 2,000 லிட்டர் தொட்டியும் ஒரே நீர்மட்டத்தில் இருந்தால் தரும் அழுத்தமும் ஒன்றே. அகலம் கணக்கில் வராது. உயரம் மட்டுமே வரும்.

நம் பீப்பாயின் உயரம் சுமார் 90 சென்டிமீட்டர். அதை ஒன்றரை மீட்டர் மேடையில் வைக்கிறோம். குழாய் வாய் தரையிலிருந்து அரை மீட்டரில் இருக்கிறது. பீப்பாய் நிறைந்திருக்கும்போது நீர்மட்டம் குழாய் வாயைவிட 1.9 மீட்டர் உயரத்தில் இருக்கும். தீரும் தறுவாயில் அது 1 மீட்டர்தான். அழுத்தம் ஏறக்குறைய பாதியாகிறது. அப்படியானால் வாளி நிறைய இரட்டிப்பு நேரம் ஆகுமா?

ஆகாது. நீர் வெளிவரும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும் என்று 1644-இல் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி காட்டினார். உயரம் பாதியானாலும் வேகம் நூற்றுக்கு எழுபது அளவில் நிற்கும். ஆதலால் கடைசி வாளியும் அவ்வளவு மெதுவாக நிறையாது.

குழாயும் காற்றும்

டாரிசெல்லி சொன்ன வேகம் உராய்வில்லாத நீருக்கு. உண்மையில் குழாயின் சுவரும் ஒவ்வொரு வளைவும் நீரைப் பிடித்து இழுக்கின்றன. அதே அளவு நீரை விட்டத்தில் பாதியான குழாய் வழியே அனுப்பினால், உராய்வால் ஏற்படும் இழப்பு ஏறக்குறைய 32 மடங்காகும்! கையிலிருக்கும் உயரமோ இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஆகவே பீப்பாயிலிருந்து முக்கால் அங்குலக் குழாயை இறக்குங்கள். குழாய் வாய் அருகே மட்டும் அரை அங்குலத்துக்கு மாற்றுங்கள். எல்போ என்னும் வளைவுகளைக் குறையுங்கள்.

குழாய் மேலிருந்து கீழாகவே இறங்க வேண்டும். நடுவில் ஒட்டகத்தின் முதுகுபோல மேலெழுந்தால் அங்கே காற்று தங்கி நீரை மறிக்கும். பீப்பாயின் மூடியில் ஒரு காற்றுத் துளையும் அவசியம். காற்று புகாமல் மூடிவிட்டால், நீர் வெளியேற வெளியேற உள்ளே காற்றழுத்தம் குறையும். ஓட்டம் தடுமாறி நின்றுவிடும்.

நீர் வெளியேறும் துளையைப் பீப்பாயின் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே போடுங்கள். வண்டல் அடியிலேயே தங்கும். துளையில் வாஷருடன் டேங்க் நிப்பிளைப் பொருத்தி இறுக்கினால் கசியாது.

இந்த அழுத்தத்தில் கழிப்பறைத் தொட்டி நிரம்பும், சற்று மெதுவாக. ஆனால் தானியங்கிச் சலவை இயந்திரங்களில் பலவற்றுக்கு இது போதாது. வீட்டுக் குழாய்களோடு பீப்பாயை இணைப்பதானால், தெருக் குழாயிலிருந்து வரும் வால்வை முதலில் மூடிவிடுங்கள். இல்லையெனில் தெருவில் அழுத்தம் இல்லாதபோது உங்கள் நீர் தெருக் குழாய்க்குள் போய்விடும். இந்த இணைப்பைப் பிளம்பரைக் கொண்டு செய்வதே நல்லது.

மேடைதான் உயிர்

இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். பீப்பாயில் உள்ள நீர் மட்டும் 200 கிலோ; மூன்று பெரியவர்களின் எடை! அது சாய்ந்தால் கீழே நிற்பவர் பிழைப்பது அரிது. சாந்து வைக்காமல் அடுக்கிய கற்கள், ஜன்னல் மேலுள்ள சன்ஷேட், மாடிக் கைப்பிடிச் சுவர் ஆகியவற்றின் மேல் ஒருபோதும் வைக்காதீர்கள். மேடையைக் கொத்தனாரோ தச்சரோ வெல்டிங் பட்டறைக்காரரோதான் அமைக்க வேண்டும். நீங்கள் அருகில் இருந்து மூன்று செய்திகளைச் சரிபாருங்கள்.

ஒன்று, அடி அகலம். பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு கால்களுக்கு இடையே விழும்வரை அது சாயாது. கால்கள் கீழே விரிந்து நின்றால் பாதுகாப்பு கூடும்.

இரண்டு, குறுக்குச் சட்டம். நான்கு சட்டங்களால் ஆன சதுரம் ஆட்டினால் சரியும். மூலைக்கு மூலை ஒரு சட்டம் அடித்தால் அது இரண்டு முக்கோணங்களாகிறது. முக்கோணம் வடிவம் மாறாது.

மூன்று, காலின் கீழே உள்ள மண். நான்கு கால்களும் சமமாகத் தாங்கினால் ஒவ்வொன்றிலும் 50 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். காலின் அடி 5 சென்டிமீட்டர் சதுரம் என்றால் பரப்பு 25 சதுர சென்டிமீட்டர். மழையில் நனைந்த மண்ணில் அது புதையும். 30 சென்டிமீட்டர் சதுரக் கருங்கல் பலகை ஒன்றைக் கீழே வைத்தால் பரப்பு 900 ஆகிறது. மண்ணின் மேல் அழுத்தம் 36-இல் ஒரு பங்காகக் குறைகிறது.

மேலே ஏற்றுவது எப்படி?

200 கிலோ நீரைப் பீப்பாயின் விளிம்புவரை 2.4 மீட்டர் தூக்கச் செய்ய வேண்டிய வேலை சுமார் 4,700 ஜூல். ஒரு கிலோகலோரியைவிடச் சற்றே அதிகம்! பின் ஏன் இருபது வாளி தூக்கியதும் களைத்துப் போகிறோம்? தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் கால் பங்கு அளவே வேலையாகிறது, மீதி வெப்பமாகிறது. வாளியின் எடையும், ஏணி ஏறினால் நம் உடலின் எடையும் கணக்கில் சேர்கின்றன.

மழைக்காலமானால் மேகமே தூக்கித் தரும். கூரையின் தண்ணீர் விழும் ஓரம் பீப்பாயைவிட உயரமாக இருந்தால் போதும். 20 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சரியாக 200 லிட்டர். முதலில் வரும் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

பீப்பாய் பூச்சிமருந்தோ வேறு இரசாயனமோ இருந்ததாக இருக்கக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அது உதவாது. ஒளி புகாத நிறமாக இருந்தால் பாசி வளராது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல நீரில்தான் முட்டையிடும். காற்றுத் துளைக்கும் வழிந்தோடும் குழாய்க்கும் மெல்லிய வலை கட்டுங்கள். வாரம் ஒருமுறை பீப்பாயைக் காலிசெய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். சுவரில் ஒட்டிய முட்டைகள் நீரில்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

செய்து பாருங்கள்

ஓர் உயரமான பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கத்தில் கால், அரை, முக்கால் உயரங்களில் ஒரே அளவுள்ள மூன்று துளைகள் இடுங்கள். தட்டையான தரையில் வைத்து, நீர்மட்டம் குறையாதபடி ஊற்றிக்கொண்டே இருங்கள். எந்தத் துளையின் நீர் அதிகத் தூரம் போய் விழுகிறது? கீழ்த்துளை என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். நடுத்துளை நீரே முந்தும்! கீழ்த்துளை நீருக்கு வேகம் அதிகம். ஆனால் தரை அருகில் இருப்பதால் அது காற்றில் இருக்கும் நேரம் குறைவு. மேல்துளையில் நேர்மாறு. அவை இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும்.

இனி பாட்டிலை உயரமான ஸ்டூலின் விளிம்பில் வைத்து, நீரைத் தரையில் விழவிடுங்கள். இப்போது எது முந்துகிறது, ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.