பிரியாணிக்குப் பிறகு ஒரு கலர்

பிரியாணி சாப்பிட்டு எழுந்ததும் 'செரிக்கும்' என்று ஒரு கூல்டிரிங்க்ஸ். வெயிலில் வந்த விருந்தாளிக்கு ஓடிப்போய் வாங்கிவரும் கலர். வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்குத் 'தெம்பு வரட்டும்' என்று அரை டம்ளர். நம் வீடுகளுக்குள் குளிர்பானம் பெரும்பாலும் அன்பின் பெயரால்தான் வருகிறது. ஆனால் எந்த உதவியை எதிர்பார்த்துக் கொடுக்கிறோமோ, அதை அது செய்வதில்லை. சில நேரங்களில் கெடுதலே செய்கிறது.

திகட்டாத சர்க்கரை

வழக்கமான கோலா, ஆரஞ்சு பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 முதல் 13 கிராம் சர்க்கரை இருக்கும். 250 மில்லி பாட்டில் ஒன்றில் 25 கிராமுக்குக் குறையாது. அதாவது ஆறு டீஸ்பூன். உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. அந்த 5 சதவீதம் ஒரு பெரியவருக்குச் சுமார் 25 கிராம். ஒரே பாட்டிலில் அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது. காலைக் காபியும் மாலை டீயும் பிஸ்கட்டும் அதற்கு மேல்தான்.

ஆறு ஸ்பூன் சர்க்கரையை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் பாதிக்கு மேல் இறங்காது. குளிர்பானம் மட்டும் எப்படி இறங்குகிறது? கோலாவில் பாஸ்பாரிக் அமிலமும், எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் சிட்ரிக் அமிலமும் திகட்டலை மறைக்கின்றன. ஜில்லென்ற குளிர்ச்சி நாக்கின் இனிப்புணர்வை மழுங்கடிக்கிறது. திறந்து வைத்து, குளிர்ச்சியும் கேஸும் போன பானத்தை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். உள்ளே எவ்வளவு இனிப்பு இருந்தது என்பது அப்போது தெரியும்.

இந்தச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். ஃப்ரக்டோஸைக் கையாளும் வேலை பெரும்பாலும் கல்லீரல் தலையில் விழுகிறது. அளவுக்கு மீறி வருவதை அது கொழுப்பாக மாற்றுகிறது. யூரிக் அமிலமும் கூடுகிறது. மதுவைத் தொடாதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு படிவதற்கு இதுவும் ஒரு காரணம். தவிர, குடித்த கலோரி வயிற்றை நிறைப்பதில்லை. அடுத்த வேளைச் சாப்பாடு அப்படியே உள்ளே போகிறது.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஓர் அலசலில், தினமும் ஒன்றிரண்டு முறை இனிப்புப் பானம் குடிப்பவர்களுக்கு, அரிதாகக் குடிப்பவர்களைவிட இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 26 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. 2023இல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி 10 கோடிக்கும் அதிகமான நீரிழிவுக்காரர்கள் இருக்கும் நாடு இது. இந்த எண்ணைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

அப்படியானால் உள்ளூர் பானம் குடிக்கலாமா? 2017 மார்ச் முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழக வணிகர் சங்கங்கள் முடிவெடுத்தன. அது நீர்வளத்துக்காகவும் உள்ளூர் வியாபாரத்துக்காகவும் எழுந்த குரல். ஆனால் உள்ளூர்த் தயாரிப்பு என்பதற்காகப் பன்னீர் சோடாவிலோ திராட்சை கலரிலோ சர்க்கரை குறைந்துவிடாது.

ஏப்பம் வந்தால் செரித்துவிட்டதா?

குடித்ததும் வரும் பெரிய ஏப்பம்தான் 'செரிக்கிறது' என்ற நம்பிக்கைக்கு ஆதாரம். அந்த ஏப்பத்தில் வருவது பாட்டிலுக்குள் அழுத்தி அடைத்திருந்த கார்பன் டை ஆக்சைடு. ஏற்கெனவே நிறைந்திருக்கும் வயிற்றை இந்த வாயு மேலும் உப்ப வைக்கிறது; அமிலம் உணவுக்குழாய்க்குள் எதுக்களிக்க வழி செய்கிறது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் கனத்த சாப்பாட்டுக்குப் பிறகு கட்டாயம் தவிர்க்க வேண்டியது இதுதான்.

வயிற்றுப்போக்கில் வேண்டவே வேண்டாம்

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும் இருக்கும். அந்த அளவில்தான் குடல் உப்பையும் தண்ணீரையும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். குளிர்பானத்தில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை; உப்போ பெயருக்குத்தான். அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், போக்கு அதிகமாகும். சிறு குழந்தைக்கு இது உயிராபத்து.

டெட்ரா பாக்கெட்டில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளோடு விற்ற இனிப்புப் பானங்களையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். 2025 அக்டோபரில்தான், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்குப் பொருந்தாத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக்கடையில் தூளாக விற்கும் பாக்கெட்டையே கேட்டு வாங்குங்கள்.

பல்லும் தூக்கமும்

அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால், அதாவது அமிலம் கூடினால், பல் எனாமல் கரையத் தொடங்கும். கோலாவின் பிஎச் சுமார் 2.5. ஒரே மூச்சில் குடிப்பதைவிட, டிவி முன் உட்கார்ந்து மணிக்கணக்கில் உறிஞ்சுவது பல்லுக்கு அதிகக் கேடு. உமிழ்நீர் அமிலத்தை ஈடுகட்ட அவகாசமே கிடைப்பதில்லை. குடித்தவுடன் பல் தேய்க்கவும் கூடாது. தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். கோலாவில் காஃபீனும் உண்டு. குழந்தைகளுக்கு அதை மாலைக்கு மேல் கொடுத்தால் தூக்கம் கெடும்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

உட்பொருள் பட்டியலில் உள்ள எண்களில் 150டி என்பது கேரமல் நிறமூட்டி, 211 சோடியம் பென்சோயேட், 338 பாஸ்பாரிக் அமிலம், 951 அஸ்பார்டேம். 'ஜீரோ', 'டயட்' வகைகளில் சர்க்கரை இல்லை. அமிலம் அப்படியே இருக்கிறது. எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. ஃபினைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

இலங்கையில் 2016 ஆகஸ்ட் முதல் குளிர்பானப் பாட்டிலின் மீது வண்ண அடையாளம் கட்டாயம். 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பார்த்த உடனே புரிந்துகொள்ளலாம். நம் நாட்டிலும் இது வர வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். அதுவரை பாட்டிலைத் திருப்பி, 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்ற வரியைத் தேடுங்கள். 600 மில்லி பாட்டில் என்றால் அதை ஆறால் பெருக்கி, நான்கால் வகுத்தால் எத்தனை டீஸ்பூன் என்று தெரிந்துவிடும்.