சொல்லும் துணிவும் கேட்கும் மனமும்

1978ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள். யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் விமானம் ஒன்று, 189 பேருடன் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரை நெருங்கிக்கொண்டிருந்தது. சக்கரங்களைக் கீழே இறக்கியபோது வழக்கத்திற்கு மாறான பலத்த ஓசை கேட்டது. சக்கரம் சரியாகப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கும் எரியவில்லை. ஆகவே, தலைமை விமானி உடனே தரையிறங்கவில்லை. நிலைமையை ஆராயவும் பயணிகளை ஆயத்தப்படுத்தவும் வானில் வட்டமிட முடிவு செய்தார்.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் விமானம் வட்டமிட்டது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. துணை விமானியும் விமானப் பொறியாளரும் எரிபொருள் அளவைப் பற்றிக் குறிப்பிட்டனர். ஆனால், உடனே தரையிறங்காவிட்டால் பேராபத்து நேரும் என்பதை அவர்கள் அழுத்தமாக எடுத்துரைக்கவில்லை. சக்கரத்தைப் பற்றிய சிந்தனையிலேயே மூழ்கியிருந்த தலைமை விமானியும் அவர்கள் கூறியதை உரியவாறு பொருட்படுத்தவில்லை. இறுதியில் எரிபொருள் தீர்ந்து இயந்திரங்கள் நின்றன. ஓடுபாதையை அடையும் முன்பே விமானம் புறநகர்ப் பகுதியில் விழுந்தது. பத்துப் பேர் உயிரிழந்தனர்.

இவ்விபத்தை அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. விமானி அறையில் இருந்த மூவரும் பயிற்சி பெற்றவர்கள். தேவையான தகவலும் அங்கேயே இருந்தது. எனினும், அத்தகவல் முடிவெடுக்க வேண்டியவரின் மனத்தை எட்டவில்லை. அதனால், வாரியம் 1979இல் இரண்டு பயிற்சிகளை வலியுறுத்தியது. குழுவினரின் கருத்தைக் கேட்டு நிர்வகிக்கும் முறையைத் தலைமை விமானிகள் கற்க வேண்டும். தங்கள் கருத்தைத் தயங்காமல் உறுதியுடன் கூறும் முறையை மற்றவர்கள் கற்க வேண்டும்.

பணியிடத்தில் ஒருவரின் செயலைப் பற்றி உடன் பணிபுரிவோர் அவரிடம் தெரிவிக்கும் கருத்தே பின்னூட்டம் எனப்படுகிறது. மேலதிகாரி ஊழியருக்குக் கூறுவது மட்டுமே பின்னூட்டம் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில், ஊழியர்கள் ஒருவருக்கொருவர் கூறுவதும், மேலதிகாரியிடம் கூறுவதும் பின்னூட்டமே. தலைவர் ஒருவரால் எல்லாவற்றையும் கவனிக்க இயலாது. அவர் காணத் தவறியதை உடனிருப்போர் காண்கின்றனர். அதை அவர்கள் சொல்லும்போதுதான் தலைவரின் முடிவு சரியானதாக அமைகிறது.

விபத்திலிருந்து பாடம் கற்ற யுனைடெட் ஏர்லைன்ஸ், 1981இல் தன் விமானிகளுக்கு 'விமானக் குழு வள மேலாண்மை' என்று கூறத்தக்க பயிற்சியைத் தொடங்கியது. பின்னர், உலகின் பல விமான நிறுவனங்களும் இதைப் பின்பற்றின. கவலையை எவ்வாறு தெரிவிப்பது என்பதை இத்தகைய பயிற்சி படிப்படியாகக் கற்பிக்கிறது. முதலில் தலைவரின் கவனத்தை ஈர்க்க வேண்டும். அடுத்து, தன் கவலையையும் அதற்கான காரணத்தையும் தெளிவாகக் கூற வேண்டும். பிறகு, ஒரு தீர்வை முன்வைக்க வேண்டும். இறுதியாக, அவருடைய பதிலைக் கேட்டுப் பெற வேண்டும். "எரிபொருள் குறைகிறதே" என்று சொல்லிவிட்டு அமைதியாக இருப்பதற்கும், "எரிபொருள் இன்னும் 15 நிமிடங்களுக்கே போதும், இப்பொழுதே தரையிறங்கலாம் என்று கருதுகிறேன், நீங்கள் உடன்படுகிறீர்களா?" என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இப்பயிற்சியின் பயன் 1989ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் வெளிப்பட்டது. அதே நிறுவனத்தின் மற்றொரு விமானம் 296 பேருடன் பறந்துகொண்டிருந்தபோது அதன் வால்பகுதி இயந்திரம் சிதறியது. விமானத்தைத் திருப்புவதற்கும் ஏற்றி இறக்குவதற்கும் உதவும் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் செயலிழந்தன. தலைமை விமானி அல் ஹேன்ஸ் தனித்து முடிவெடுக்க முயலவில்லை. தம் குழுவினரின் கருத்துகளைக் கேட்டார். பயணியாக வந்திருந்த விமானப் பயிற்றுநர் டென்னிஸ் ஃபிட்ச் உதவ முன்வந்தபோது, அவரையும் விமானி அறைக்குள் ஏற்றுக்கொண்டார். எஞ்சிய இரண்டு இயந்திரங்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் அவர்கள் விமானத்தைச் சூ சிட்டி விமான நிலையம்வரை கொண்டுவந்தனர். தரையிறங்கும்போது விமானம் உடைந்து 112 பேர் மாண்டனர். ஆயினும், 184 பேர் உயிர் பிழைத்தனர். குழுவாகச் செயல்படக் கற்பித்த பயிற்சியே இதற்கு முக்கியக் காரணம் என்று ஹேன்ஸ் பின்னாளில் பலமுறை கூறினார்.

இந்த அணுகுமுறை மருத்துவமனைகளுக்கும் பரவியது. உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைச் சிகிச்சைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. அறுவைச் சிகிச்சையைத் தொடங்கும் முன் மருத்துவர், தாதியர் முதலிய அனைவரும் தத்தம் பெயரையும் பொறுப்பையும் கூற வேண்டும் என்பது அதிலுள்ள ஒரு விதி. ஒருமுறை வாய் திறந்து பேசியவர், பிறகு தவறு ஏதேனும் கண்டால் அதைச் சுட்டிக்காட்டத் தயங்கமாட்டார் என்பதே இதன் நோக்கம். எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இப்பட்டியல் முழுவதையும் பயன்படுத்திப் பார்த்தபோது, நோயாளிகளின் இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது.

அப்படியானால், எல்லாப் பின்னூட்டமும் நன்மை தருமா? இல்லை. பின்னூட்டம் குறித்த பல ஆய்வுகளின் முடிவுகளைக் குளூகர், டினிசி என்னும் ஆய்வாளர்கள் 1996இல் தொகுத்து ஆராய்ந்தனர். பொதுவாகப் பின்னூட்டம் செயல்திறனை உயர்த்தியது. ஆனால், மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான முடிவுகளில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. செய்த வேலையை விட்டுச் செய்தவரின் தகுதியைப் பற்றிப் பின்னூட்டம் பேசத் தொடங்கினால், கேட்பவரின் கவனமும் வேலையிலிருந்து விலகிவிடுகிறது. "நீ பொறுப்பில்லாதவன்" என்பது மனத்தைப் புண்படுத்தும். "அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் கணக்கு பொருந்தவில்லை, மீண்டும் பார்ப்போமா?" என்பது வேலையைத் திருத்த உதவும்.

தவறு கண்டபோது இடித்துரைக்கும் துணை தலைவனுக்கு வேண்டும் என்பது நம் முன்னோர் அறிந்த உண்மைதான். திருக்குறளின் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரம் இதனை விளக்குகிறது. எனினும், அத்துணை தானாகவே அமைந்துவிடாது. "நான் கவனிக்காதது ஏதேனும் உண்டா?" என்று தலைவர் முன்வந்து கேட்க வேண்டும். குறையைச் சொன்னவரைக் கடிந்துகொள்ளாமல் நன்றி கூற வேண்டும். இல்லையெனில், அடுத்த முறை எவரும் வாய் திறக்கமாட்டார்.

இப்பழக்கத்தை வேலைக்குச் சென்ற பிறகுதான் கற்க வேண்டும் என்பதில்லை. வகுப்பில் குழுவாகப் படைப்பு ஒன்றைத் தயாரிக்கும்போதும், இணைப்பாட நடவடிக்கைகளில் ஈடுபடும்போதும் மாணவர்கள் இதைப் பழகலாம். குழுத் தலைவர் செய்த பிழை ஒருவர் கண்ணில் பட்டால், அதைப் பணிவாகவும் தெளிவாகவும் அவரிடமே கூறலாம். அவர் கவனிக்கவில்லை என்றால் மீண்டும் ஒருமுறை கூறலாம். தலைவராக இருப்பவர், தாம் பேசும் முன் மற்றவர்கள் பேச வாய்ப்பளிக்கலாம். போர்ட்லண்ட் விமானத்தில் எரிபொருள் குறைவதைக் கண்டவர்கள் இருந்தனர். அதை அழுத்தமாகச் சொல்லவும் பொறுமையாகக் கேட்கவும் அவர்கள் பழகியிருக்கவில்லை.