படத்தின் அடியில் ஒரு பாடம்

செம்பனைக் காட்டு வேலை முடிந்து வீடு திரும்பும் தாய்க்குச் சமையல் காத்திருக்கிறது. அழும் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தக் கைப்பேசியில் தமிழ் எழுத்தும் ஓடட்டும் என்பதே என் வேண்டுகோள்.

தமிழ்ப் படத்தின் அடியில் மலாய் வரிகள் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தமிழ்ப் பாட்டுக்குத் தமிழ் வரியே ஓடினால், காது கேட்பதைக் கண் வாசிக்கும். 1996-இல் பிரிஜ் கோத்தாரி என்ற அகமதாபாத் பேராசிரியருக்குத் தோன்றிய எண்ணம் இது. 1999-இல் குஜராத்தித் திரைப்பாடல்கள் குஜராத்தி வரிகளோடு அங்கே தொலைக்காட்சியில் வந்தன. பாட்டு மனப்பாடமாக இருந்தால் அடுத்த சொல் எதுவென்று தெரியும். எழுத்துக் கூட்டத் தடுமாறுபவரும் துணிந்து வாசிப்பார்.

என் வகுப்பில் ஒரு பையன். பாட்டென்றால் முந்திக்கொள்வான், புத்தகத்தைத் திறந்தால் வாயை மூடிக்கொள்வான். வரியோடு கூடிய பாடல்களைச் சில வாரம் போட்டுக் காட்டினேன். ஒருநாள் கரும்பலகையில் 'மழை' என்று எழுதியதும், "டீச்சர், இது அந்தப் பாட்டுல வருமே!" என்று எழுந்து நின்றான்.

பெற்றோர்களே, யூடியூப்பில் 'சிசி' என்ற குறியைத் தொட்டுத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். எல்லாப் படத்திலும் அது இராது. அப்போது 'பாடல் வரிகளுடன்' என்று தேடுங்கள். இயந்திரம் தானாக எழுதும் வரிகளில் பிழை மலியும், அவற்றை ஒதுக்குங்கள். புதுப்புதுப் பாட்டு வேண்டாம்; ஒரே பாட்டு, பலமுறை. பத்து நிமிடமாவது பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள்.

பள்ளிக்கூடம் காணாத பாட்டியையும் கூப்பிடுங்கள். பேரனோடு அவரும் எழுத்துக் கூட்டட்டுமே!